மேனுவல் தப்பானால் யாருக்குச் செலவு?

சாஃப்ட்வேருக்கும் கருவிகளுக்கும் மேனுவல், ஹெல்ப் பக்கம் எழுதும் டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்கு ஆள் எடுப்பது எப்போதுமே சில்லறை வியாபாரம்தான். டெவலப்பர்களை கேம்பஸிலிருந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு வரும் கம்பெனிகூட, ரைட்டரை ஒவ்வொருவராகத்தான் எடுக்கும். அதுவும் பழைய ஆள் பேப்பர் போட்ட பிறகு. நான் பார்த்த இடங்களில் நாற்பது ஐம்பது இன்ஜினியருக்கு ஒரு ரைட்டர் இருந்தாலே நல்ல கம்பெனி. அதனால் "மார்க்கெட் எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்டால் பொதுவாக ஒரு பதில் சொல்ல வருவதில்லை. ஐடி முழுக்க ஆள் எடுக்கும் வருஷத்திலும் நமக்கு ஒன்றும் இல்லாமல் போகலாம். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பும் வருஷத்தில் ஒரகடம் பக்கம் ஏதோ ஒரு சர்வீஸ் மேனுவல் டீமில் இரண்டு இடம் காலியாக இருக்கலாம்.

நான் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு 2006-இல் இந்தத் தொழிலுக்கு வந்தவள். முதல் வேலை பெருங்குடியில், அமெரிக்க டெலிகாம் கம்பெனி ஒன்றின் சாஃப்ட்வேருக்கு மேனுவல் எழுதித் தரும் அவுட்சோர்சிங் டீமில். அப்புறம் புராடக்ட் கம்பெனிகள். 2023 தொடக்கத்தில் நடந்த ஆட்குறைப்பில் என் வேலை போனது. பல மாதம் தேடினேன். இப்போது மருத்துவக் கருவி செய்யும் கம்பெனி ஒன்றின் சென்னை மையத்தில் இருக்கிறேன். தேடிய காலத்தில் தெரிந்துகொண்டதையும், இப்போது நானே இன்டர்வியூ எடுக்கும்போது கண்ணில் படுவதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் வேலை விளம்பரம் என்றால் டூல் பட்டியல்தான். ஃபிரேம்மேக்கர் தெரியுமா, ரோபோஹெல்ப் தெரியுமா என்று கேட்பார்கள். பெங்களூருதான் தலைநகரம். ஐபிஎம், ஆரக்கிள், சிஸ்கோ எல்லாம் அங்கே பெரிய ரைட்டர் டீம் வைத்திருந்தன. நல்ல சம்பளம் வேண்டுமென்றால் ஒசூரைத் தாண்டு என்பார்கள் சீனியர்கள். அப்புறம் டிட்டா பரவியது. ஐபிஎம்மில் பிறந்து 2005-இல் ஒயாசிஸ் அமைப்பின் தரமாக ஆன எக்ஸ்எம்எல் முறை அது. ஒரு பத்தியை ஒரு தடவை எழுதி பத்து மேனுவலில் கோத்துக்கொள்ளலாம். ரெஸ்யூமேயில் டிட்டா என்ற ஒரு வரி இருந்தால் கொஞ்ச காலம் நல்ல சம்பள உயர்வு கிடைத்தது. 2010-க்குப் பிறகு சென்னை, இணையம் வழியாகச் சாஃப்ட்வேரைச் சந்தாவுக்குத் தரும் சாஸ் கம்பெனிகளின் ஊராகிவிட்டது. ஜோஹோ முன்பே இருந்தது. ஃபிரெஷ்டெஸ்க், சார்ஜ்பீ என்று வரிசையாக வந்தன. மேனுவல் போய் ஹெல்ப் ஆர்டிக்கிள் ஆனது. அதன் பின்னாலேயே மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவம், மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட், ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்றோடு பேசும் வழியான ஏபிஐ. டெவலப்பர் கோடு வைக்கும் இடத்திலேயே ஆவணத்தையும் வைத்து, கோடு போலவே ரிவ்யூ செய்து வெளியிடும் பழக்கம். 2013-இல் போர்ட்லாந்தில் தொடங்கிய 'ரைட் த டாக்ஸ்' மாநாட்டுக்கு இந்தப் பழக்கம் பரவியதில் பெரிய பங்கு உண்டு.

இந்த டூல்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஆறேழு வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாம் மாறிவிடும். எழுதத் தெரிந்தவர் எந்த டூலையும் ஒரு மாதத்துக்குள் பழகிவிடுவார். விளம்பரத்தில் அவ்வளவு பெயர் போடுவதற்குக் காரணம், எச்ஆர் ரெஸ்யூமேவைச் சலிப்பதற்கு அதைவிட எளிய வழி இல்லை என்பதுதான். பட்டியலில் பாதி தெரிந்தால் விண்ணப்பியுங்கள்.

2022 கடைசியில் காற்று மாறியது. நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 10,000, கூகுள் 12,000. பெரிய இடங்களில் இப்படி நடந்ததும் சின்ன இடங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. இதற்கு நடுவில் நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. இரண்டும் சேர்ந்து வந்ததால், ரைட்டர் வேலை போனதற்கெல்லாம் ஏஐதான் காரணம் என்று பேச்சு கிளம்பியது. 2023-இல் போன வேலைகளை ஏஐ பறித்தது என்று நான் நம்பவில்லை. கையில் காசு சுருங்கியபோது, வருமானத்தோடு நேரடித் தொடர்பு இல்லாத டீம் என்று யாரைக் கருதினார்களோ அவர்கள் முதலில் போனார்கள். அந்த இடங்களைத் திரும்ப நிரப்பாமல் இருப்பதற்கு ஏஐ பிறகு நல்ல சாக்காக அமைந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் எஸ்டிசி சங்கமே திவால் என்று சொல்லி மூடிவிட்டது. 1950-களில் இருந்து டெக்னிக்கல் ரைட்டர்களுக்கு இருந்த சங்கம். அதன் இந்தியக் கிளை நடத்திய கூட்டங்களில் காபி குடித்துக்கொண்டே வேலை மாறியவர்கள் எங்கள் தலைமுறையில் நிறையப் பேர்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எங்கள் டீமில் ஒரே ஒரு பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் அனுப்பினார்கள். அனுபவத்தில் எங்களைவிடச் சின்னவள். தன் ஆங்கிலம் சுமார்தான் என்று அவளே சொல்வாள். அவள் பார்த்தது பேமென்ட் ஏபிஐயின் ஆவணம்.

அவள் வருவதற்கு முன்பு அந்த ஆவணத்தில் தொகை என்ற இடத்துக்கு உதாரணமாக 500 என்று போட்டிருந்தது. வேறு விளக்கம் இல்லை. வாடிக்கையாளர் கம்பெனியின் டெவலப்பர் ஒருவர் அதை ஐநூறு ரூபாய் என்று எடுத்துக்கொண்டு கோடு எழுதிவிட்டார். ஆனால் அந்த ஏபிஐ பைசாவில் கணக்குப் பார்க்கும். ஐநூறு ரூபாய் வசூலாக வேண்டிய இடத்தில் ஐந்து ரூபாய் வசூலானது. தெரிந்தவுடன் ஆவணத்தில் "தொகையைப் பைசாவில் தரவும், அதாவது 100-ஆல் பெருக்கவும்" என்று அவசரமாக ஒரு வரி சேர்த்தார்கள். கொஞ்ச நாளில் ஜப்பானில் ஒரு வாடிக்கையாளர் வந்தார். யென்னுக்குப் பைசா மாதிரி உட்பிரிவு புழக்கத்தில் இல்லை. அவர்கள் ஆவணத்தை நம்பி 100-ஆல் பெருக்க, 500 யென் 50,000 யென் ஆகிவிட்டது. இந்தப் பெண் வந்ததும் முதல் வேலையாக டெவலப்பர்களைத் துளைத்தெடுத்து ஓர் அட்டவணை போட்டாள். எந்த நாணயத்துக்கு 100, எதற்குப் பெருக்கவே கூடாது, குவைத் தினார் மாதிரி எதற்கு 1,000 என்று. அந்த வகைப் புகார் வருவது அதோடு நின்றது. சப்போர்ட்டுக்கு மட்டுமில்லை, நிதிப் பிரிவுக்கும் அவள் பெயர் தெரியும்.

நான் பார்த்தது டாஷ்போர்டை விருப்பப்படி மாற்றியமைப்பது எப்படி என்கிற மாதிரிப் பக்கங்கள். நன்றாகவே எழுதியிருந்தேன். ஆனால் அதில் ஒரு வரி தப்பாக இருந்தால் பயனர் இரண்டு கிளிக் கூடுதலாகச் செய்வார், அவ்வளவுதான். அதன் பிறகு எந்த வேலையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்டுக்கொண்டது இதுதான்: இங்கே நான் எழுதுவது தப்பானால் யாருக்குச் செலவு? யாருக்கும் இல்லை என்றால், அந்த வேலை அடுத்த பட்ஜெட் வரைக்கும்தான்.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் சந்தை வேறு மாதிரி தெரியும். மருத்துவக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் விற்க வேண்டுமானால் 2021 மே 26 முதல் அமலில் உள்ள 2017/745 என்ற ஒழுங்குமுறைக்கு உட்பட வேண்டும். கருவியோடு போகும் பயன்பாட்டுக் குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அதன் இணைப்பு நீளமாகப் பட்டியல் போடுகிறது. குறிப்பு சரியில்லை என்றால் கருவி சந்தைக்குப் போகாது. இயந்திரங்களுக்கும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய இயந்திர ஒழுங்குமுறை 2027 ஜனவரி 20-இல் நடைமுறைக்கு வருகிறது. பழைய மேனுவல்களையெல்லாம் எடுத்து ஒருமுறை பார்க்க வேண்டிய வேலை அதில் இருக்கிறது. விமானத் துறையில் மேனுவல்களை அமைக்க எஸ்1000டி என்ற முறையும், எஸ்டிஇ என்று சொல்லப்படும் கட்டுப்படுத்தப்பட்ட ஆங்கிலமும் உண்டு. அதன் அகராதியில் சுமார் 900 பொதுச் சொற்களுக்குத்தான் அனுமதி. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். இலக்கியம் படித்த எனக்கு முதலில் மூச்சு முட்டியது, பழகியபின் பிடித்துப்போனது. இவை தவிர, பணம் கைமாறும் சாஃப்ட்வேர், டெவலப்பர்களுக்கே விற்கப்படும் ஏபிஐ, நெட்வொர்க் பாதுகாப்பு. இங்கெல்லாம் ஆவணம் தப்பானால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது யாருக்காவது அடிபடும்.

சென்னையைச் சுற்றி வாகனம், கனரக இயந்திரம் செய்யும் கம்பெனிகளும் அவற்றின் வடிவமைப்பு மையங்களும் இருப்பது நமக்கு வசதி. ஆனால் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்து அங்கே போகிறவர்களுக்குச் சம்பளம் குறையும். மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும். இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த வேலைகள் பல 'டெக்னிக்கல் ரைட்டர்' என்று தேடினால் சிக்காது. ஆலைப் பக்கம் 'டெக்னிக்கல் பப்ளிகேஷன்ஸ்', 'சர்வீஸ் இன்ஃபர்மேஷன்', 'டெக்னிக்கல் ஆதர்' என்று போடுவார்கள். சாஃப்ட்வேர் பக்கம் 'இன்ஃபர்மேஷன் டெவலப்பர்', 'டாக்குமென்டேஷன் இன்ஜினியர்', 'கன்டென்ட் டெவலப்பர்', 'யூஎக்ஸ் ரைட்டர்'. மருத்துவக் கருவியில் 'லேபிளிங் ஸ்பெஷலிஸ்ட்' என்ற பெயரில் மேனுவல் எழுதும் வேலை ஒளிந்திருக்கும். நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் இத்தனை பெயருக்கும் தனித்தனியாக அலர்ட் வைத்துக்கொள்ளுங்கள். 'மெடிக்கல் ரைட்டர்' மட்டும் வேறு தொழில். மருந்துச் சோதனை அறிக்கை எழுதுவது. அதற்கு மருந்தியலோ உயிரியலோ படித்திருக்க வேண்டும்.

விளம்பரத்தைப் படிக்கும்போது யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்று பாருங்கள். போடவில்லை என்றால் முதல் போனிலேயே கேளுங்கள். இன்ஜினியரிங்கோ புராடக்டோ என்றால் நல்லது. சப்போர்ட் என்றாலும் மோசமில்லை, புகார்கள் நேராகக் காதில் விழும். மார்க்கெட்டிங் என்றால் ஆறு மாதத்தில் லிங்க்ட்இன் போஸ்ட் எழுதிக்கொண்டிருப்பீர்கள். "பிளாக், எஸ்இஓ, சோஷியல் மீடியா, யூசர் கைடு எல்லாவற்றையும் கவனிக்க டைனமிக்கான டெக்னிக்கல் ரைட்டர் தேவை" என்று வரும் விளம்பரத்தில் அவர்களுக்கு வேண்டியது டெக்னிக்கல் ரைட்டர் இல்லை.

அடுத்து சாம்பிள். எங்கள் தொழிலில் பெரிய கஷ்டம் இதுதான். பத்து வருஷம் எழுதியிருப்போம். வெளியே காட்ட ஒரு பக்கம் இருக்காது. எல்லாம் வாடிக்கையாளர் லாகினுக்குப் பின்னால், ரகசிய ஒப்பந்தத்துக்குள். சிலர் பழைய கம்பெனியின் பிடிஎஃப்பைப் பெயரை மறைத்துவிட்டு அனுப்புகிறார்கள். என்னிடம் அப்படி வந்தால் நான் திறப்பதே இல்லை. நாளைக்கு எங்கள் ஃபைலும் இப்படித்தான் வேறு ஒருவருக்குப் போகும்.

பொதுவெளியில் இருக்கும் ஹெல்ப் பக்கங்களை நீங்கள் எழுதியிருந்தால் இணைப்பைக் கொடுக்கலாம், பிரச்சினை இல்லை. அப்படி எதுவும் இல்லாதவர்களுக்கு, யார் வேண்டுமானாலும் கோடைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய ஓப்பன் சோர்ஸ்தான் வழி. வேலை இல்லாத மாதங்களில் நான் செய்தது, தினமும் பயன்படுத்தும் ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் கருவியின் நிறுவல் பக்கத்தைப் புது லேப்டாப்பில் வரி வரியாகச் செய்து பார்த்ததுதான். மூன்றாவது கட்டளையிலேயே நின்றுவிட்டது. அதற்கு முன்னால் வேறு ஒன்றை நிறுவியிருக்க வேண்டும். எழுதியவர் மெஷினில் அது ஏற்கெனவே இருந்ததால் அவருக்குத் தோன்றவில்லை. அதைத் திருத்தி, அந்தக் கருவியின் கோடு இருக்கும் கிட்ஹப் தளத்தில் அனுப்பினேன். பராமரிப்பவர் இரண்டு கேள்வி கேட்டார், பதில் சொன்னேன், சேர்த்துக்கொண்டார். இந்த உரையாடல் முழுக்கப் பொதுவில் இருக்கிறது. பின்னால் என்னை எடுத்தவர் நான் எழுதிய பத்தியை மேலோட்டமாகத்தான் பார்த்தாராம். அந்தக் கேள்வி பதிலைத்தான் முழுக்கப் படித்தேன் என்றார். நான் எப்படிக் கேட்கிறேன், மறுத்தால் எப்படிப் பேசுகிறேன் என்று அதில் தெரிகிறது அல்லவா.

சாம்பிள் மூன்று போதும். ஒன்று செய்முறை, ஒன்று ஏபிஐ மாதிரித் தேடிப் பார்க்கும் பக்கம், ஒன்று ஏதாவது ஒரு கருத்தை விளக்குவது. பிரஷர் குக்கரைத் திறப்பது எப்படி, டீ போடுவது எப்படி என்ற சாம்பிள்களை நிறுத்திக்கொள்ளலாம். கோர்ஸ் நடத்துகிறவர்கள் சொல்லிக்கொடுப்பது அது. எல்லார் ரெஸ்யூமேயிலும் அதே டீதான். காசு கட்டித்தான் படிக்க வேண்டும் என்பதும் இல்லை. கூகுள் தன் இன்ஜினியர்களுக்காக வைத்திருந்த டெக்னிக்கல் ரைட்டிங் பாடத்தை இலவசமாகப் போட்டிருக்கிறது. அவர்களுடைய ஸ்டைல் கைடும் மைக்ரோசாஃப்டுடையதும் இணையத்தில் முழுதாகக் கிடைக்கின்றன.

ரைட்டிங் டெஸ்ட் இல்லாமல் இப்போது யாரும் எடுப்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற டெஸ்ட் நியாயமானது. நான் தேடிய காலத்தில் ஒரு கம்பெனி தங்கள் புராடக்டின் ஒரு மாட்யூலுக்கு முழு யூசர் கைடு கேட்டது. வார இறுதி முழுவதும் உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு போனும் இல்லை, மெயிலும் இல்லை. இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால், அவர்களுடைய சொந்தப் புராடக்டுக்கே நீளமாக எழுதச் சொன்னால் ஒரு பக்கத்துக்கு மேல் தராதே, மிச்சத்தை எப்படி எழுதுவேன் என்று குறிப்பு மட்டும் கொடு என்பேன். நல்ல கம்பெனிக்கு அந்த ஒரு பக்கம் போதும்.

நாங்கள் கொடுக்கும் டெஸ்ட் ஒன்றைச் சொல்கிறேன். இப்போது மாற்றிவிட்டதால் சொல்வதில் தப்பில்லை. ஒரு கருவியின் பழைய சர்வீஸ் வழிமுறை, ஆறு படி. நான்காவது படி, "பக்கவாட்டு மூடியைக் கழற்றவும்." ஐந்தாவது படிக்குக் கீழே ஒரு பெட்டியில், "எச்சரிக்கை: மூடியைக் கழற்றுவதற்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்." திருத்தி எழுதச் சொல்வோம். பெரும்பாலானவர்கள் இலக்கணத்தைத் திருத்துவார்கள், வாக்கியத்தைச் சுருக்குவார்கள், பெட்டிக்கு நல்ல நிறம் கொடுப்பார்கள். எச்சரிக்கை அங்கேயே கிடக்கும். படிப்பவர் அதற்குள் மூடியைக் கழற்றி முடித்திருப்பார். சிலர் அதை மேலே கொண்டுபோவார்கள். அவர்களை அடுத்த சுற்றுக்குக் கூப்பிடுவோம். வெகு சிலர் விளிம்பில் ஒரு கேள்வி எழுதுவார்கள்: "மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்குமா? எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும்?" அப்படிக் கேட்டவரை நாங்கள் விட்டதில்லை. இது 'வார்னிங்'கா 'காஷன்'ஆ என்றும் ஒருவர் கேட்டார். அமெரிக்கத் தரத்தின்படி உயிர் போகவோ பலத்த காயம் படவோ கூடும் என்றால் வார்னிங், லேசான காயம் என்றால் காஷன். அவரும் இப்போது எங்களோடு இருக்கிறார்.

இதே டெஸ்டை ஒரு ஏஐயிடம் கொடுத்துப் பார்த்தேன். எச்சரிக்கையைச் சரியாக மேலே கொண்டுபோனது. ஆங்கிலம் சுத்தம். ஆனால் "ஐந்து நிமிடம் காத்திருக்கவும்" என்று தானாகவே ஓர் எண்ணைப் போட்டுவிட்டது. அந்தக் கருவிக்கு எத்தனை நிமிடம் என்று போர்டை வடிவமைத்தவரிடம் கேட்டால்தான் தெரியும்.

"அக்கா, இன்னும் ரெண்டு வருஷத்துல நம்ம வேலை இருக்குமா?" என்று டீமில் சின்னப் பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, எழுதித் தரும் வேலை குறைகிறது, குறையும். ரிலீஸ் நோட் தொகுப்பது, பத்தியைச் சுருக்குவது, பழைய ஃபைலை மார்க்டவுனுக்கு மாற்றுவது எல்லாம் முன்பு ஜூனியர்கள் செய்தவை. இப்போது அரை மணி நேரத்தில் முடிகிறது. இன்னொரு பக்கம், கம்பெனிகள் தங்கள் ஆவணத்தை சாட்பாட்டுக்குத் தீனியாகக் கொடுக்கின்றன. அப்போதுதான் தெரிகிறது, தளத்தில் ஒன்றுக்கொன்று முரணான பழைய பக்கங்கள் எத்தனை கிடக்கின்றன என்று. மனிதர் படித்தால் தேதியைப் பார்த்து ஒதுக்கிவிடுவார். பாட் எல்லாவற்றையும் ஒரே தைரியத்தோடு சொல்லும். 2024 பிப்ரவரியில் கனடாவில் ஒரு தீர்ப்பாயம், ஏர் கனடாவின் சாட்பாட் துக்க காலக் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னதற்கு நிறுவனமே பொறுப்பு என்று சொல்லிப் பயணிக்குப் பணம் தர உத்தரவிட்டது. இத்தனைக்கும் அதே தளத்தில் இன்னொரு பக்கத்தில் சரியான தகவல் இருந்தது. பழைய பக்கங்களைக் களைவது, எது இப்போதைய உண்மை என்று முடிவு செய்து ஒரே இடத்தில் வைப்பது, பாட் சொல்லும் பதிலைச் சோதிப்பது என்று ஒரு புது வேலை உருவாகியிருக்கிறது. விளம்பரங்களில் இதற்கு இன்னும் நிலையான பெயர் வரவில்லை. உங்கள் தற்போதைய இடத்தில் இதைச் செய்ய வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். யாரும் ஆசைப்பட்டுக் கேட்காத வேலை என்பதால் எளிதாகக் கிடைக்கும். ஏஐ பயன்படுத்துகிறீர்களா என்ற கேள்வி இன்டர்வியூவில் கட்டாயம் வரும். எதற்குப் பயன்படுத்தினீர்கள், அது எங்கே தப்பு செய்தது, எப்படிப் பிடித்தீர்கள் என்று ஓர் உதாரணத்தைத் தயாராக வைத்திருங்கள்.

இன்டர்வியூவில் நான் கிளறிக் கிளறிக் கேட்பது, பதில் தராத இன்ஜினியரிடம் இருந்து எப்படி விஷயத்தை வாங்குவீர்கள் என்பது. "மெயில் அனுப்புவேன், மீட்டிங் போடுவேன், மேனேஜரிடம் சொல்வேன்" என்று வரும் பதில் எல்லாரும் சொல்வது. என் வழி வேறு. "இதைக் கொஞ்சம் விளக்குங்களேன்" என்று மெயில் போட்டால் ஒரு வாரம் ஆனாலும் பதில் வராது. நானே புராடக்டை ஓட்டிப் பார்த்து, எனக்குப் புரிந்த வரையில், சந்தேகமான இடத்தில் என் ஊகத்தையும் சேர்த்து எழுதி, "நாளைக்கு இதைப் போட்டுவிடவா?" என்று அனுப்புவேன். பத்து நிமிஷத்தில் "ஐயோ, அது அப்படி இல்லைங்க" என்று போன் வரும். விளக்கச் சொன்னால் சோம்பல்படும் ஆளுக்கு, தப்பாக எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. இப்படி உங்களுக்கென்று ஒரு வழி இருக்கும். அதை ஒரு உண்மைச் சம்பவத்தோடு சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலான இடத்தில் ரைட்டருக்குத் தனிச் சம்பளப் படிநிலை, அதே அனுபவமுள்ள டெவலப்பரைவிடக் கீழே. இதை இன்டர்வியூவில் பேசி மாற்ற முடியாது. எந்தப் படியில் உட்கார வைக்கிறார்கள் என்பதில் மட்டும் பேரம் பேசலாம். 'சீனியர்' என்ற பட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில்தான் பெரிய தாவல் இருக்கும். காண்ட்ராக்ட் வேலைகள் இப்போது அதிகம். பிஎஃப், இன்சூரன்ஸ் இருக்கிறதா, டிடிஎஸ் எவ்வளவு பிடிப்பார்கள், யாருடைய பேரோலில் இருப்பீர்கள், நீட்டிப்பை எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். 90 நாள் நோட்டீஸில் இருப்பவர்கள் தேட ஆரம்பிக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு காலியிடத்துக்கு மூன்று மாதம் யாரும் காத்திருப்பதில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நிலைமை மோசம்தான், மறைத்துப் பயனில்லை. நான் சேர்ந்தபோது எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினால் போதும், மிச்சத்தை அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த முதல் படி இப்போது இல்லை. இன்று உள்ளே வருபவர்களில் நிறையப் பேர் சப்போர்ட் வழியாகவோ டெஸ்டிங் வழியாகவோ வருகிறார்கள். கடைசியாக நாங்கள் எடுத்த பையன் ஒரு சாஸ் கம்பெனியில் சாட் சப்போர்ட்டில் இருந்தவன். எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று தானாகவே ஒரு ஷீட்டில் குறித்துவைத்து, அதற்கெல்லாம் பதில் பக்கம் எழுதி டீமுக்குள் சுற்றுக்கு விட்டிருந்தான். இன்டர்வியூவில் அதைத்தான் சொன்னான்: எந்தக் கேள்வி குறைந்தது, எது பக்கம் எழுதியும் குறையவில்லை, ஏன். ரைட்டர் வேலை கிடைக்கவில்லையே என்று ஒரு வருஷம் வீட்டில் இருப்பதைவிட இந்த வழி மேல்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கம்பெனிகளில் பல ஜனவரியில் புது பட்ஜெட்டைத் திறக்கும். இந்தியக் கம்பெனிகளில் போனஸும் அப்ரைசலும் முடிந்து ஏப்ரல், மே மாதங்களில் ஆட்கள் கிளம்புவார்கள். அந்த இடங்கள் ஜூன், ஜூலையில் விளம்பரமாக வரும். அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை பெரும்பாலும் மந்தம். சாம்பிள் தயார் செய்ய அந்த மூன்று மாதம் வசதி.